தியாகம்னா எல்லாரும் என்னையே பாக்கறாங்க

போன மாசம் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். ராத்திரி சாப்பாடு முடிந்து மொட்டை மாடியில் காற்றாட உட்கார்ந்திருந்தபோது தங்கச்சி மகள் மேலே வந்தாள். கையில் தடியாக ஒரு புத்தகம். அட்டையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது: அயன் ராண்ட் எழுதிய 'தி ஃபவுண்டன்ஹெட்'.

அவளுக்கு 24 வயது. வேலைக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. இப்போது வெளியூரில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் அவள் அண்ணன் தொழிலுக்கு வாங்கிய கடனுக்கு மாசாமாசம் இவள் சம்பளத்திலிருந்துதான் தவணை போகிறது. "இன்னும் ரெண்டு வருஷம் பொறுத்துக்கோ, எல்லாம் குடும்பத்துக்காகத்தானே" என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டாள்: "மாமா, நம்ம வீட்ல தியாகம்னு பேச்சு வந்தா மட்டும் எல்லாரும் என்னையே பாக்கறாங்க, ஏன்? இந்தம்மா எழுதியிருக்கறது தப்பா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "முழுசாப் படிச்சு முடி கண்ணு, அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். வந்த நாளிலிருந்து அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

நான் இதே புத்தகத்தைப் படித்தது 1987இல், இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். உக்கடம் பழைய புத்தகக் கடையில் அறைத்தோழன் வாங்கி வந்த பிரதி. அட்டை போய், காலண்டர் தாள் போட்டு ஒட்டியிருந்தது. எங்கள் விடுதியில் ஒரு இருபது பேர் கையாவது அது மாறியிருக்கும். ஹோவர்ட் ரோர்க் என்கிற கட்டடக் கலைஞன் அதன் நாயகன். தன் வரைபடத்தில் அடுத்தவர் இஷ்டத்துக்கு மாற்றம் செய்ய ஒப்புக்கொள்ளாமல், வேலை இல்லாமல் போய், கல்குவாரியில் கூலிக்குக் கல் உடைக்கப் போகிறவன். எங்களில் பாதிப் பேர் அப்பா சொன்னாரே என்று அந்தக் கல்லூரியில் சேர்ந்தவர்கள். அப்படிப்பட்ட பையன்களுக்கு ரோர்க் என்னவாகத் தெரிந்திருப்பான் என்று யோசித்துப் பாருங்கள். படித்து முடித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. அதனால் ராண்டின் சித்தாந்தத்தை வெளியில் நின்று பார்த்து எழுதுகிறவன் இல்லை நான். ஒரு காலத்தில் அதற்குள்ளேயே குடியிருந்தவன்.

அயன் ராண்டின் சொந்தக் கதை தெரியாமல் அவர் கொள்கையைப் பேசுவதில் அர்த்தமில்லை. 1905இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் அலிஸா ரோசன்பாம். அப்பா ஜினோவி சொந்தமாக மருந்துக்கடை வைத்திருந்தார். யூதர்களுக்கு எத்தனையோ தடைகள் இருந்த ஜார் ஆட்சியில் படித்து முன்னுக்கு வந்து, தன் கையால் உண்டாக்கிய கடை. புரட்சிக்குப் பிறகு, 1918இல், போல்ஷெவிக்குகளின் செங்காவலர்கள் வந்து அந்தக் கடைக் கதவில் அரசு முத்திரையை அறைந்துவிட்டுப் போனார்கள். கடை இனி மக்களுக்குச் சொந்தம் என்றார்கள். அலிஸாவுக்கு அப்போது ஏறக்குறைய பதின்மூன்று வயது.

குடும்பம் கிரிமியாவுக்கு ஓடியது, திரும்பி வந்தது, பட்டினி கிடந்தது. 'எல்லோருக்காகவும்' என்று சொல்லித்தான் தன் அப்பாவின் கையை முடக்கினார்கள் என்பது அந்தப் பெண்ணின் மனசில் ஆணியாக இறங்கிவிட்டது. பிறகு எழுதியதெல்லாம் அந்த ஆணியைச் சுற்றித்தான். 1926இல் அமெரிக்கா வந்தார், பெயரை மாற்றிக்கொண்டார், ஹாலிவுட்டில் கூட்டத்தில் நிற்கிற துணை நடிகையாகத் தொடங்கிக் கதை எழுதுகிறவராக வளர்ந்தார். 1943இல் ஃபவுண்டன்ஹெட். 1957இல் ஆயிரம் பக்கம் தாண்டிய 'அட்லஸ் ஷ்ரக்டு'. 1964இல் சுயநலத்தை அறம் என்று தலைப்பிலேயே அறிவிக்கிற 'தி வர்ச்சூ ஆஃப் செல்ஃபிஷ்னஸ்' என்ற கட்டுரைத் தொகுப்பு. தன் தத்துவத்துக்கு 'அப்ஜெக்டிவிசம்' என்று பெயர் வைத்தார்.

தமிழில் சுயநலம் என்றதும் நம் கண்ணில் வருகிறவன், பந்தியில் அடுத்த இலைக்குப் போகிற வடையைத் தன் இலையில் வாங்கிக்கொள்கிறவன். ராண்ட் சொன்னது அவனை இல்லை. அவனை அவர் ஒட்டுண்ணி என்றுதான் திட்டுவார். உன் வாழ்க்கை உன்னுடையது, பிறர் தேவைக்கு நீ பலியாக வேண்டியதில்லை, உன் தேவைக்குப் பிறரைப் பலியிடவும் கூடாது, மனிதருக்கும் மனிதருக்கும் நடுவே நியாயமான உறவு ஒன்றே ஒன்றுதான், இருவரும் மனமொப்பிச் செய்கிற கொடுக்கல் வாங்கல். அவர் அறம் இவ்வளவுதான். இதிலிருந்துதான் அரசியல் வருகிறது. யாரும் யார் மீதும் பலத்தைப் பிரயோகிக்கக் கூடாது. அரசாங்கத்துக்கு உள்ள வேலை போலீஸ், ராணுவம், நீதிமன்றம் ஆகிய மூன்றுதான். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஓய்வூதியம், ரேஷன் எதுவும் அதன் வேலை இல்லை. வரியைக்கூட மக்கள் விரும்பித்தான் தர வேண்டுமே தவிரப் பிடுங்கக் கூடாது.

இதில் எது சரி என்று முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அது நிஜமாகவே சரி.

தியாகம் செய் என்று ஒருவர் சொன்னால், அதை வாங்கிக்கொள்கிறவர் யார் என்று பார்க்கச் சொன்னார் ராண்ட். வியட்நாம் போருக்குப் பையன்களைக் கட்டாயமாகப் பிடித்து அனுப்பியதை அவர் எதிர்த்தார். அதே கேள்வியைத்தான் தங்கச்சி மகள் மொட்டை மாடியில் கேட்டாள். குடும்பத்துக்காக, ஊருக்காக, சாதிக்காக, மானத்துக்காக என்று எத்தனை பேச்சு வந்தாலும் கடைசியில் யாருடைய படிப்பு நிற்கிறது, யாருடைய நகை அடகுக்குப் போகிறது, யார் வேலையை விடுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் பெண்கள்தான். 'பொதுநலம்' என்ற சொல்லைக் கேட்டதும் கை தட்டாமல், எதிர்க்கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுத்ததற்கு ராண்டுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இன்னொன்று, எங்கள் வீட்டிலேயே நடந்தது. 1979இல் அப்பா வீடு கட்டினார். அப்போது சிமெண்டுக்குப் பர்மிட் வேண்டும். எத்தனை மூட்டை, எதற்கு, எந்தச் சுவருக்கு என்று எழுதிக் கொடுத்து, கையெழுத்து வாங்கி, ஸ்டாக் வருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். ஒரு நாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். காலையில் போய் மதியம் வரை வராந்தாவில் நின்றோம். அப்பா லேத் பட்டறை வைத்திருந்தவர், ஒரு நூல் பிசகாமல் கடைசல் பிடிக்கிற கை. அந்தக் கையைக் கட்டிக்கொண்டு, தன்னைவிட இருபது வயசு சின்னவரிடம் "ஐயா, ஒரு பத்து மூட்டை" என்று கேட்டார். "அடுத்த வாரம் வாங்க" என்றார்கள். அடுத்த வாரமும் அதையேதான் சொன்னார்கள். எட்டு மாசம் கிருகப்பிரவேசம் தள்ளிப்போனது. அதே சமயம் ஊரில் வேறு சிலருக்கு மூட்டை மூட்டையாக வந்து இறங்கிக்கொண்டுதான் இருந்தது. பங்கீடு எல்லோருக்கும் சமமாகப் போக வேண்டும் என்று கொண்டுவந்த ஏற்பாடு, கையெழுத்துப் போடுகிறவர் வாசலில் எல்லோரையும் நிறுத்திவிட்டது. எட்டு வருஷம் கழித்து விடுதியில் ராண்டைப் படித்தபோது, எங்கள் அப்பாவின் கட்டிய கை ஞாபகம் வந்துதான் நான் அவர் பக்கம் சாய்ந்தேன்.

அந்த முறையை எதிர்க்க நமக்கு அமெரிக்காவிலிருந்து ஆள் வர வேண்டியிருக்கவில்லை என்பதை ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அட்லஸ் ஷ்ரக்டு வந்து இரண்டே வருஷத்தில், 1959இல், எண்பது வயதுப் பெரியவர் ராஜாஜி சுதந்திரா கட்சியைத் தொடங்கினார். பர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ் என்று அந்த ஆட்சிமுறைக்குப் பெயர் வைத்தவரே அவர்தான். 1967 தேர்தலில் நாடாளுமன்றத்தில் 44 இடங்களைப் பிடித்தார்கள். அரசு தொழிலில் தலையிடக் கூடாது என்பதில் ராஜாஜிக்கும் ராண்டுக்கும் பேச்சு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ராஜாஜி அதைச் சுயநலத்தின் மேல் நிறுத்தவில்லை. காந்தி சொன்ன தர்மகர்த்தா முறையைக் கட்சியின் கொள்கையிலேயே எழுதிவைத்தார். சொத்து உன்னுடையது, ஆனால் அதை ஒரு பொறுப்போடு வைத்திரு என்பது அதன் பொருள். லைசென்ஸ் ராஜ் தப்பு என்று சொல்ல, சுயநலம்தான் அறம் என்று சொல்லியே ஆக வேண்டிய அவசியம் இல்லை. பத்தொன்பது வயதில் எனக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லை.

சரி, பிசகு எங்கே?

முதலில் அவருடைய சொந்த வாழ்க்கையிலிருந்தே. அட்லஸ் ஷ்ரக்டு புத்தகத்தின் கடைசியில் தன்னைப் பற்றி ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். தனக்கு யாரும் உதவவில்லை, உதவுவது யாருடைய கடமை என்றும் தான் நினைத்ததில்லை என்கிறார். ஆனால் ரஷ்யாவிலிருந்து அவர் கப்பலேற அம்மா அன்னா மிச்சமிருந்த நகையை விற்றார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். சிகாகோவில் அம்மாவழிச் சொந்தக்காரர்கள் ஆறு மாசம் வைத்துச் சோறு போட்டார்கள். அவர்களில் ஒருவருக்குச் சொந்தமான தியேட்டரில் ஓசியில் படம் படமாகப் பார்த்தார். பன்னிரண்டு பதிப்பகங்கள் திருப்பிய ஃபவுண்டன்ஹெட் கைப்பிரதியை, இதை வாங்காவிட்டால் என்னை வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள் என்கிற அளவுக்குத் தலைமைக்குத் தந்தி கொடுத்துப் பதிப்பிக்க வைத்தவர் ஆர்ச்சிபால்ட் ஆக்டன் என்ற பதிப்பாசிரியர்.

உதவுவது அவர்கள் கடமை இல்லை என்று ராண்ட் சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் கடமை இல்லாமல் செய்தார்கள் என்பதற்காக அது உதவி இல்லை என்று ஆகிவிடுமா? அம்மா கழற்றிக் கொடுத்த நகையில் படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்த நகையைக் கணக்கில் எழுதாமல் விட்டுவிட்டு, நான் தனியாக எழுந்து நின்றேன் என்று ஒரு தத்துவமே கட்டினால், அந்தத் தத்துவத்துக்கு அஸ்திவாரத்திலேயே ஒரு கல் குறைகிறது.

வயதான காலத்தில் அவர் அரசின் சோஷியல் செக்யூரிட்டி பணம் வாங்கினார் என்று சொல்லி அவரைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. அது நியாயமில்லை. வருஷக்கணக்கில் அவரிடமிருந்து பிடித்த பணம்தான் அது. எதிர்க்கிறவர்கள் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று 1966இலேயே எழுதியும் வைத்தார். இதைவைத்து ஒருவரை அடிக்கிறவர்கள் கொள்கையோடு மோத மனமில்லாதவர்கள். மோத வேண்டிய இடம் வேறு.

அது ஒரு சாப்பாட்டுக் கவுண்டர். 1960 பிப்ரவரி 1. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலம், கிரீன்ஸ்பரோ ஊர், வுல்வொர்த் கடை. எசல் பிளேர், டேவிட் ரிச்மண்ட், ஃபிராங்க்ளின் மெக்கெய்ன், ஜோசப் மெக்நீல் என்ற நான்கு கறுப்பின மாணவர்கள் உள்ளே போகிறார்கள். முதலில் பற்பசை மாதிரிச் சின்னச் சாமான் வாங்கி ரசீதைக் கையில் வைத்துக்கொள்கிறார்கள். பிறகு சாப்பாட்டுக் கவுண்டரில் உட்கார்ந்து காபி கேட்கிறார்கள். கிடையாது. அந்த நாற்காலிகள் வெள்ளையர்களுக்கு மட்டும். அந்தக் கவுண்டரில் எங்கள் காசை வாங்கினீர்களே, இந்தக் கவுண்டரில் ஏன் வாங்கமாட்டீர்கள் என்று ரசீதைக் காட்டிக் கேட்கிறார்கள். கடை அடைக்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. மறுநாள் இன்னும் பலர் வந்து உட்கார்ந்தார்கள். சில நாளில் கூட்டம் நூற்றுக்கணக்கானது. ஊர் ஊராகப் பரவியது.

1963இல் ராண்ட் நிறவெறியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மனிதனை அவன் இரத்தத்தை வைத்து எடைபோடுவது, கூட்டத்தை வைத்து மனிதனை அளக்கும் புத்தியிலேயே மிகக் கீழானது என்று அடித்துச் சொன்னார். அந்தப் பகுதியை யார் படித்தாலும் தலை வணங்கத்தான் வேண்டும். ஆனால் அதே கட்டுரையில், தனியார் கடையிலும் பாகுபாடு கூடாது என்று அப்போது வரவிருந்த சிவில் உரிமைச் சட்டம் சொன்னதை எதிர்த்தார். கடை அவனுடைய சொத்து, யாருக்கு விற்பது என்பது அவன் உரிமை, அரசு அதில் பலத்தைப் பிரயோகிக்கக் கூடாது என்றார். நிறவெறியனைச் சமூகம் ஒதுக்கலாம், சட்டம் தொடக்கூடாது என்பது அவர் நிலை.

கொங்கு நாட்டு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு இது புத்தக விவாதம் இல்லை. நான் சின்னப் பையனாக இருந்தபோது அப்பா பட்டறைக்குப் பக்கத்து டீக்கடையில், உள்ளே கண்ணாடி டம்ளர்கள் அடுக்கியிருக்கும். வெளியே கூரைக் கம்பில் அலுமினிய டம்ளர்கள் தனியாகத் தொங்கும். தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்டவர்கள் வந்து தாங்களே அதை எடுத்து, கழுவி, கீழே வைத்துவிட்டு நகர்ந்து நிற்பார்கள். டீ மேலிருந்து ஊற்றப்படும். குடித்துவிட்டு மறுபடியும் தாங்களே கழுவி மாட்டிவிட்டுப் போக வேண்டும். காசு மட்டும் எல்லோரும் ஒரே காசுதான் கொடுத்தார்கள். அது யார் சொத்து? கடைக்காரர் சொத்து. வியாபாரம் மனமொப்பி நடந்ததா? ராண்டின் கணக்குப்படி நடந்தது. யாரும் யாரையும் அடிக்கவில்லை.

சுயநலம் இதைத் தானே சரிசெய்துவிடும், பாகுபாடு பார்க்கிற முதலாளி வாடிக்கையாளரை இழந்து நொடித்துப்போவான் என்பது அந்தத் தரப்பு வாதம். நம் டீக்கடையில் நடந்தது நேர் எதிர். கண்ணாடி டம்ளரை எல்லோருக்கும் கொடுத்தால் உள்ளே உட்கார்கிற கூட்டம் எழுந்து போய்விடும் என்பதுதான் அந்தக் கடைக்காரரின் சுயநலம். பாகுபாடுதான் அவருக்கு லாபம். அதனால்தான் நம் அரசியலமைப்புச் சட்டம் 1950லேயே, 15ஆம் பிரிவில் கடை, உணவு விடுதி, ஹோட்டல் என்று பெயர் சொல்லியே, யாரையும் சாதி மதம் பார்த்துத் தடுக்கக் கூடாது என்று எழுதியது. ராண்டின் அளவுகோலில் அது சொத்துரிமை மீறல். எனக்கு அந்தப் பிரிவு இந்த நாட்டில் எழுதப்பட்ட மிக நல்ல வரிகளில் ஒன்று.

கிரீன்ஸ்பரோவில் ஆறு மாசம் போல வியாபாரம் படுத்த பிறகு, 1960 ஜூலை 25 அன்று வுல்வொர்த் இறங்கிவந்தது. முதலாளியின் பணப்பைதான் கடைசியில் கதவைத் திறந்தது என்று ராண்டின் ஆட்கள் சொல்லலாம், அதில் உண்மையும் உண்டு. ஆனால் பணப்பையை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது யார்? வசவும் மிரட்டலும் வாங்கிக்கொண்டு, படிப்பையும் எதிர்காலத்தையும் பணயம் வைத்து உட்கார்ந்த பிள்ளைகள். ஒரு கப் காபியில் அவர்களுக்கு என்ன லாபம்? சுயநலக் கணக்குப் போட்டிருந்தால் வேறொரு கடையில் குடித்துவிட்டுப் போயிருப்பார்கள்.

அடுத்தது ஆலன் கிரீன்ஸ்பான். 1950களில் ராண்டின் வீட்டில் சனிக்கிழமை ராத்திரி கூடிய சின்ன வட்டத்தில் ஒருவர். 1963இல் ராண்டின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். வாடிக்கையாளரைக் காப்பாற்ற அரசுக் கட்டுப்பாடு தேவையில்லை, வியாபாரியின் லாப ஆசையே போதும், நல்ல பெயர் கெட்டால் வியாபாரம் போகும் என்ற பயமே அவனை ஒழுங்காக வைத்திருக்கும் என்பது அதன் சாரம். இதை எழுதியவர் பின்னாளில், 1987 முதல் 2006 வரை, அமெரிக்காவின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் தலைவராக இருந்தார். ஒரு தத்துவவாதியின் சீடருக்கு இப்படி ஒரு நாற்காலி, இவ்வளவு காலம் கிடைப்பது அபூர்வம்.

2008 செப்டம்பரில் லீமன் பிரதர்ஸ் என்ற பெரிய அமெரிக்க முதலீட்டு வங்கி விழுந்தது. வீட்டுக்கடன் சீட்டுக்கட்டு மொத்தமும் சரிந்தது. அக்டோபர் 23 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் 82 வயது கிரீன்ஸ்பான் உட்கார்ந்தார். குழுத் தலைவர் ஹென்றி வேக்ஸ்மன் கேள்வி கேட்டார். வங்கிகள் தங்கள் சுயநலத்துக்காகவே பங்குதாரர் பணத்தைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பியது தப்பாகிவிட்டது, நாற்பது வருஷத்துக்கு மேல் நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்த தன் கொள்கையில் ஒரு குறை இருப்பதைக் கண்டேன் என்று அவர் ஒப்புக்கொண்டார். அதை வெளிப்படையாகச் சொன்னதற்காக அவரை மதிக்கிறேன்.

குறை என்ன? என் புரிதல் இது. வங்கிக்குச் சுயநலம் உண்டு என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோம். வங்கி என்று ஒரு ஆள் கிடையாது. கடன் பிடித்துக் கொடுத்த தரகருக்குக் கையெழுத்தான அன்றே கமிஷன். கடனைக் கட்டுக்கட்டி விற்றவருக்கு வருஷக் கடைசியில் போனஸ். அதற்கு நல்ல தரம் என்று சான்று கொடுத்தவருக்குக் கட்டணம். கடன் வாராமல் போவது மூன்று வருஷம் கழித்து, அப்போது அந்தச் சீட்டு வேறு யார் கையிலோ இருக்கும். ஒவ்வொருவரும் தன் நலத்தைச் சரியாகத்தான் பார்த்தார்கள். அது எத்தனை நாளைக்கான நலம் என்பதுதான் விஷயம். தொலைநோக்கோடு பார்த்தால் நேர்மைதான் லாபம் என்று ராண்ட் சொல்வார். பார்த்தால் சரி. தரகர் ஏன் அவ்வளவு தூரம் பார்க்க வேண்டும்? அந்த 'வேண்டும்' சுயநலத்துக்குள் இல்லை. வெளியிலிருந்துதான் வர வேண்டியிருக்கிறது, மனசாட்சியாகவோ சட்டமாகவோ.

சியர்ஸ் கதையும் இதே ஜாதிதான். நூறு வருஷத்துக்கு மேல் அமெரிக்க வீடுகளுக்கு வாஷிங் மெஷினும் ஸ்பானரும் விற்ற கடை. அதன் தலைவராக இருந்த எடி லாம்பர்ட், ராண்டின் அபிமானி என்று பத்திரிகைகள் எழுதின. 2008 வாக்கில் கம்பெனியை முப்பது பிரிவுகள் போல உடைத்து, ஒவ்வொன்றுக்கும் தனித் தலைவர், தனி லாபநஷ்டக் கணக்கு வைத்தார். ஒவ்வொரு பிரிவும் தன் லாபத்தைப் பார்த்தால் மொத்தக் கடையும் செழிக்கும் என்பது எண்ணம். நடந்தது என்னவென்றால், விளம்பரத் தாளில் இடம் பிடிக்கப் பிரிவுகள் ஒன்றோடொன்று சண்டை போட்டன. அன்னையர் தினத் தாளின் முகப்பில் பையன்கள் ஓட்டுகிற மினி பைக் வந்து நின்றது. இணைய வியாபாரமும் வேறு காரணங்களும் சேர்ந்துதான் 2018 அக்டோபரில் அந்தக் கடை திவால் மனு போட்டது. ஆனால் ஒரே கூரைக்குக் கீழே ஒருவர் பொருளை இன்னொருவர் எடுத்து விற்க மனமில்லாத கடை எத்தனை நாள் நிற்கும்? எங்கள் அப்பா பட்டறையில் மூன்று பேர்தான் வேலை. ஒருவர் டூலை இன்னொருவர் தீட்டி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். அதற்கு யாரும் தனிக்கூலி கேட்டதில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு ராண்டின் தரப்பில் ஒரு பதில் வரும். அன்பு வைத்த மனைவியைக் காப்பாற்றச் சொத்தை விற்கிறவன் தியாகி இல்லை, அவனுக்கு மனைவிதான் பெரிது, ஆகவே அதுவும் சுயநலமே என்று அவரே எழுதியிருக்கிறார். அப்படியானால் அந்த நான்கு மாணவர்களும் சுயநலவாதிகள், நகை விற்ற அன்னாவும் சுயநலவாதி. நல்லது எல்லாவற்றையும் சுயநலம் என்ற சாக்கில் அள்ளிப் போட்டுக்கொண்டால் சொல் ஜெயிக்கும், விளக்கம் ஒன்றும் மிஞ்சாது. கமிஷனுக்காகக் கையெழுத்து வாங்கிய தரகரையும் மகளுக்காகக் கம்மலைக் கழற்றிய அம்மாவையும் ஒரே பெயரால் கூப்பிடுகிற தத்துவம், மனிதரைப் பிரித்துப் பார்க்க எனக்கு உதவாது.

அவர் நாவல்களில் குழந்தைகளும் நோயாளிகளும் கிழவர்களும் தேடினால்தான் கிடைப்பார்கள். எல்லோரும் முப்பது வயதில் பிறந்து முப்பத்தைந்தில் நிற்கிறவர்கள். கொடுக்கல் வாங்கலுக்கு இரண்டு பக்கமும் கையில் ஏதாவது இருக்க வேண்டும். தொட்டிலில் கிடக்கிற பிள்ளையிடம் என்ன இருக்கிறது? நாம் ஒவ்வொருவரும் அங்கிருந்துதான் வந்தோம், கடைசிக் காலத்தில் ஏறக்குறைய அங்கேயேதான் போகிறோம். நடுவில் கொஞ்ச காலம் ஹோவர்ட் ரோர்க் மாதிரி நிற்க முடிகிறது. அந்தக் கொஞ்ச காலத்தை வைத்து மொத்த அரசியலையும் எழுத முடியாது.

கண்ணு, உனக்கு இனி நேராகவே சொல்கிறேன். நீ கேட்ட கேள்வி சரி, அந்தப் புத்தகம் கொடுக்கிற பதிலில் பாதிதான் சரி. உன்னைக் கேட்காமல் உன் சம்பளத்தில் தவணை போட்டது தப்பு. கேட்டிருந்தால் நீயே கொடுத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று ராத்திரி ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தவள் நீ. அப்போது யாரும் உன்னைத் தியாகம் செய்யச் சொல்லவில்லை. கேட்டுக் கொடுப்பதற்கும் கேட்காமல் எடுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை ராண்டிடமிருந்து கற்றுக்கொள். அதற்கு மேல் அவரோடு போகாதே. மேல்படிப்பைத் தள்ளிப்போட வேண்டாம். உங்கம்மாவிடமும் அண்ணனிடமும் வர்ற ஞாயிற்றுக்கிழமை வந்து நானே பேசுகிறேன். தவணையை அவன் பெயருக்கு மாற்ற பேங்கில் என்ன எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விசாரித்துவிட்டேன்.

இதைப் படிக்கிற அப்பா அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் சம்பாதிக்கிற பெண் இருந்தால், அடுத்த தவணைக்கு முன்னால் அவளை உட்கார வைத்து, 'உனக்கு இதில் சம்மதமா' என்று ஒரு தடவை கேளுங்கள். இல்லை என்று சொன்னால் அதையும் காது கொடுத்துக் கேளுங்கள்.